இருநூறுக்கு மேல் போடாத மனிதர்

வெள்ளத்துரைக்குப் பாம்பு என்றால் பயம் கிடையாது. திருவேங்கடம் பஞ்சு மில் குடோனில் மூட்டைக்கு அடியில் சுருண்டு கிடந்த கட்டுவிரியனைக் கம்பால் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு, கையைக் கழுவி, மிச்சம் இருந்த டீயைக் குடித்தவர். இருட்டு, சுடுகாடு, மில் முதலாளி எதற்கும் அசைய மாட்டார். இந்த உலகத்தில் அவரை நடுங்க வைத்தது ஒன்றே ஒன்றுதான். அது பெட்ரோல் விலை.

காலையில் கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்க்குமுன் போனில் அன்றைய விலையைப் பார்ப்பார். பத்துக் காசு ஏறியிருந்தால் அன்றைக்கு இட்லி இறங்காது. நூறைத் தாண்டிய நாளில் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்து, மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார். அப்போது அவரிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. முட்டிவலி காரணமாக பஸ் ஏற முடியாமல் அதில்தான் மில்லுக்குப் போய் வந்தார். ராஜபாளையம் ரோட்டு பங்கில் அந்த வண்டி நுழைவதைப் பார்த்ததுமே, கேட்காமலேயே இருநூறு என்று பம்பில் தட்டிவிடுவார்கள். "ஃபுல்" என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. யாராவது பக்கத்தில் நின்று அப்படிச் சொன்னால், ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்ததைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியில் பயம்தான் ஜெயித்தது. ராஜபாளையத்தில் ஒருவர் சில வருஷம் ஓட்டிவிட்டு விற்ற பழைய கரண்ட் காரை வெள்ளத்துரை வாங்கினார். சாம்பல் காரை தேவர்குளத்தில் இருக்கும் தேவமணி என்ற பள்ளிக்கூட ஆசிரியருக்குக் கொடுத்தார். சாவியைக் கையில் கொடுக்கும்போது அறிவுரையும் கொடுத்தார். அது இலவசம் என்பதால் தாராளமாகவே கொடுத்தார்.

"சார்வாள், ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. டேங்கை மட்டும் நெப்பிராதீங்க. இந்த வெயிலுக்குப் பாதி ஆவியாப் போயிரும். இருநூறுக்குப் போடுங்க, ஓட்டுங்க, முள்ளு செவப்புக்கு வந்தா மறுபடி இருநூறு. நாளைக்கு விலை குறைஞ்சா நமக்குத்தான லாபம்?"

தேவமணி ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். "அப்படியா அண்ணாச்சி, சரி அண்ணாச்சி" என்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஒரு வருஷம் வெள்ளத்துரையைப் பிடிக்க முடியவில்லை. பங்க் வாசலைக் கடக்கும்போது வேண்டுமென்றே வண்டியை மெதுவாக்கி, வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவார். டீக்கடையில் அவர் பேச்சைக் கேட்க வேண்டுமே! "ராத்திரி வயரைச் சொருகினாப் போதும்வே, காலைல வண்டி ரெடி. நம்ம பக்கம் காத்தாடி சுத்துத வரைக்கும் எனக்கு என்ன கவலை?" காத்தாடி என்று அவர் சொன்னது பனவடலிச்சத்திரம், தேவர்குளம் கரிசல் காடு முழுக்க நிற்கிற காற்றாலைகளை.

ஆனால் பயம் வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கரண்ட் மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருவார்கள். ஐந்நூறு யூனிட்டுக்குள் ஓடியிருந்தால் ஒரு கட்டணம். அதற்கு மேல் ஒன்று கூடினாலும் போச்சு, முதலில் ஓடியதற்கும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து வெள்ளத்துரை பெட்ரோல் விலை பார்ப்பதை விட்டுவிட்டு மீட்டர் பெட்டியைப் பார்க்க ஆரம்பித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவர் அதன் முன்னால் நிற்பதைப் பார்த்து, அவர் மனைவி வள்ளித்தாய் அங்கே ஒரு சூடம் கொளுத்தி வைத்துவிடவா என்று கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஒரே மகள் நிர்மலா பிரசவத்துக்கு வந்தாள். மருமகன் லிங்கேஷுக்குச் சென்னையில் வேலை, பிரசவத்துக்கு முன்னால் வருவதாகச் சொல்லியிருந்தான். எட்டு மாத வயிற்றோடு அவள் படுத்திருந்த அறையில் ஏசி பகலும் இரவும் ஓடியது. மீட்டரும் கூடவே ஓடியது. வெள்ளத்துரை கஞ்சர்தான், ஆனால் கல்நெஞ்சர் இல்லை. மகளின் ஏசியை அணைக்க அவருக்குக் கை வரவில்லை. அதனால் காருக்குப் போடும் சார்ஜை நிறுத்தினார். முட்டிவலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, பஸ்ஸில் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டு, மில்லுக்கு டவுன் பஸ்ஸில் போனார்.

வள்ளித்தாய் ஒருநாள் சாயங்காலம் பிடித்துக்கொண்டாள்.

"இங்கேருங்க. பிள்ளைக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. எப்பம் வேணாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வண்டியை ஃபுல் சார்ஜ்ல வச்சிருங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், காதுல விழுதா?"

"விழுதுட்டி. இந்தா, இப்பமே போடுதேன்."

அவர் வயரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு முனையைக் காரில் மாட்டினார். மறுமுனையைச் சுவரில் சொருகினார். சுவிட்சில் விரலை வைத்தார். மீட்டர் ஐந்நூறை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏசி மட்டும் என்றால் தாங்கும், காருக்கும் போட்டால் விடிவதற்குள் தாண்டிவிடும். கணக்கெடுக்கிற தம்பி மறுநாள் வர வேண்டியவர். ஆனால் மறுநாள் கோமதி அம்மாள் கோயில் ஆடித்தபசுத் திருவிழா, லோக்கல் லீவு, அதற்கு அடுத்த நாள்தான் வருவார். ஒருநாள்தானே? அவர் வந்துவிட்டுப் போன மறுநிமிஷம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார். விரலை எடுத்துவிட்டார்.

அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்த வள்ளித்தாய்க்கு வயர் தெரிந்தது. அவள் நிம்மதியாகப் படுத்தாள். வெள்ளத்துரையும் நன்றாகத் தூங்கினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தபசு அன்று ஊர் கொள்ளவில்லை. சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கத்து ஜனமெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கியிருந்தது. தெருவுக்குத் தெரு போலீஸார் கம்பு கட்டித் தடுத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நிர்மலா, ஒரு வாய்கூட வைக்காமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, தலை வெடிக்க மாதிரி வலிக்கி. கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்கு."

பக்கத்துத் தெருவில் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். காரில் கொண்டுபோய் இறக்கினார்கள். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. மறுகையில் சுற்றி இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஊசி போட்டுவிட்டு, இருவரையும் வெளியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"பிரஷர் ரொம்ப ஏறிக் கிடக்கு. இதோட வலிப்பு வந்துட்டா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இப்பமே ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுக்கணும், ஆனா இங்கன முடியாது. குறைமாசப் பிள்ளையை வைக்கிற பெட்டி திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில காலியா இருக்கு, நான் பேசிட்டேன். நூத்தியெட்டுக்கும் அடிச்சேன். தென்காசிக்குக் கேஸ் கொண்டு போயிருக்காம், திரும்ப நேரம் ஆகுமாம். அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க. கார் இருக்குல்லா உங்ககிட்ட?"

"இருக்கு டாக்டர்" என்றாள் வள்ளித்தாய். "நேத்து ராத்திரி பூரா சார்ஜ் போட்டிருக்கு."

வெள்ளத்துரை அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். சுவிட்ச் போடவில்லை, அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லியிருந்தால் நாலு பேர் ஓடி எங்கிருந்தாவது ஒரு வண்டியைப் பிடித்திருப்பார்கள். ஆனால் கதவு இடுக்கில் மகளின் வீங்கிய பாதம் தெரிந்தது. அந்தப் பாதத்துக்கு முன்னால் வைத்து அதை எப்படிச் சொல்வது? "கெளம்புவோம்" என்று மட்டும்தான் சொன்னார்.

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். இன்னும் அறுபத்தொரு கிலோமீட்டர் ஓடும் என்றது. திருநெல்வேலிக்கு ஐம்பத்தாறு. போய்விடலாம், ஐந்து மிச்சம் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அந்த ஐந்தையும் ஊருக்குள்ளேயே தொலைத்தார். நேர் ரோட்டைக் கூட்டத்துக்காக அடைத்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி வேறு தெருவுக்குத் திருப்பினார், அந்தத் தெரு முனையில் இன்னொருவர் வேறு பக்கம் திருப்பினார். கூட்டத்துக்கு நடுவில் ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தபோது, திரையில் இருந்த எண்ணும் ரோட்டோர மைல்கல்லில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன.

ரோடு காலியாகக் கிடந்தது. ஆனால் ஆடிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. வெள்ளத்துரை கையை நீட்டி ஏசியை அணைத்தார்.

"யப்பா, ஏசி போடேன்ப்பா. புழுங்குது."

"தலைவலிக்கு ஏசி ஆகாது மக்கா. சன்னலைத் தொறந்துக்கோ, காத்து நல்லா வரும்."

காற்றோடு கரிசல் புழுதியும் வந்தது. பின் சீட்டில் வள்ளித்தாய் மகளின் தலையை மடியில் வைத்துச் சேலை முந்தானையால் முகத்தை மூடிப் பிடித்தாள். வெள்ளத்துரை ரோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மைல்கல்லைப் பார்த்தார். கல்லில் ஒன்று குறையும்போது திரையில் இரண்டு குறைந்தது. பழைய பேட்டரி, அவருக்கே தெரியும். ஆனால் இவ்வளவு மோசம் என்று தெரியாது, இந்த அளவுக்கு அதை அவர் ஒருநாளும் காயப் போட்டதில்லை. பனவடலிச்சத்திரம் தாண்டியதும் கல் நாற்பதுக்குப் பக்கம் காட்டியது. திரை இருபத்தொன்பதுக்கு வந்திருந்தது.

வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் கூட ஓடும். குறைத்தார். பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. ஒரு டவுன் பஸ்கூட முந்திப் போனது.

"என்னங்க இப்பிடி உருட்டிக்கிட்டு இருக்கீங்க? டாக்டர் சொன்னது காதுல விழலையா? அமுத்துங்க!"

அவர் அதே வேகத்திலேயே ஓட்டினார்.

"யம்மா" என்றாள் நிர்மலா. "கண்ணு சரியாத் தெரியலம்மா. அப்பா மண்டை ரெண்டு ரெண்டாத் தெரியுது."

காலை அழுத்தினால் வழியில் நின்றுவிடும், அழுத்தாவிட்டால் நேரத்துக்குப் போய்ச் சேராது. இரண்டு பக்கமும் சாவு உட்கார்ந்திருந்தது, அதை இரண்டு பக்கமும் கொண்டுவந்து உட்கார வைத்தது அவருடைய ஒரு விரல். ரோட்டின் இருபுறமும் அடிவானம் வரைக்கும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஊருக்கே போதுமான கரண்டை எடுத்துக் கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பிக்கு அடியில்தான் அவருடைய கார் மூச்சு வாங்கிக்கொண்டு போனது.

தேவர்குளத்துக்குச் சற்று முன்னால் திரையில் சிவப்பாக ஒரு ஆமை படம் வந்தது. வண்டி சைக்கிள் வேகத்துக்கு இறங்கியது.

"என்ன ஆமை அது?" என்றாள் வள்ளித்தாய்.

அவர் வண்டியை ஓரத்துக்கு விட்டார். அது தானாகவே நின்றது. அவர் திரும்பவில்லை, கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"சார்ஜ் தீந்து போச்சு, வள்ளி. நேத்து வயரைச் சொருகினேன், சுவிட்ச் போடல. மீட்டர் ஐந்நூறு தாண்டிரும்னு போடல."

அவள் கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள், கழுத்தைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தார். பிடித்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வள்ளித்தாய் மடியில் கிடந்த மகளின் காதை உள்ளங்கையால் பொத்தினாள்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றாள். "பிள்ளைக்குக் கேட்டிரப் போவுது."

அந்தக் குரலைக் கேட்டபிறகு வெள்ளத்துரை போனை எடுத்தார். யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இந்த ரோட்டில் அவருக்குத் தெரிந்த வண்டி ஒன்றே ஒன்று இருந்தது.

"சார்வாள், நான் வெள்ளத்துரை பேசுதேன். வண்டி வீட்டுல இருக்கா?"

"உங்க வண்டிதானே அண்ணாச்சி? வாசல்லதான் நிக்கி. இன்னைக்கு லீவுல்லா" என்றார் தேவமணி. விஷயத்தைக் கேட்டதும் அவர் வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அதைப் பார்த்ததும் வெள்ளத்துரைக்குக் கண்ணில் நீர் கட்டியது. மூன்று பேருமாக நிர்மலாவைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். அவள் உடம்பு கனத்துக் கிடந்தது. கரண்ட் காரைப் பூட்டக்கூட இல்லை.

"நான் ஓட்டுதேன் சார்வாள், எனக்கு இந்த வண்டியைத் தெரியும்" என்று வெள்ளத்துரை சாவியை வாங்கி உட்கார்ந்தார். இன்ஜின் ஒரே திருகலில் பிடித்தது. காலை அழுத்தினார். அப்போதுதான் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். அது சிவப்புக்கும் கீழே படுத்துக் கிடந்தது.

"சார்வாள்... பெட்ரோல்?"

பக்கத்து சீட்டில் இருந்த தேவமணி முள்ளை எட்டிப் பார்த்தார். அவருக்கு அதில் விசேஷமாக எதுவும் தெரியவில்லை. "நேத்தே போடணும்னு இருந்தேன் அண்ணாச்சி. விலை குறையும்னு பேப்பர்ல வந்திருந்துச்சு, சரி, ரெண்டு நாள் பாப்போம்னு விட்டுட்டேன். நீங்க சொன்னதை ஒருநாளும் மீறினது இல்ல. இருநூறுக்கு மேல போட்டதே கிடையாது."

சொன்னவர் வெள்ளத்துரை. கேட்டு நடந்தவர் மேல் என்ன குற்றம்? பங்க் மானூருக்கு முன்னால்தான் இருக்கிறது. முள் படுத்தபிறகு இந்த வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று வருஷக் கணக்காகப் பெருமைக்கு ஓட்டிப் பார்த்தவர் அவர். ஆனால் எப்போது படுத்தது என்று தெரிந்தால்தானே அந்தக் கணக்கு? நேற்றா, இன்று காலையா? தேவமணியைக் கேட்டார். தேவமணிக்குத் தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஜெபம் பண்ண ஆரம்பித்தார்.

வெள்ளத்துரை இறக்கம் வந்த இடத்தில் எல்லாம் கியரை எடுத்துவிட்டு உருள விட்டார். ஏற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். பின்னால் நிர்மலா ஏதோ உளறினாள். "லிங்கேஷ் வந்துட்டாரா?" என்று கேட்டதைப் போல இருந்தது. வள்ளித்தாய் "வந்துட்டாரு மக்கா, அந்தா நிக்காரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பொய்யில் அழுகை கலந்திருந்தது. தூரத்தில் பங்கின் கூரை தெரிந்தபோது இன்ஜின் ஒரு தடவை இருமியது. வெள்ளத்துரை சங்கரநாராயணரைக் கூப்பிட்டார், கோமதி அம்மாளைக் கூப்பிட்டார், பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த தேவமணியின் சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டார். வண்டி இன்னொரு தடவை இருமிவிட்டு, பாதி ஓடி பாதி உருண்டு பம்புக்கு முன்னால் வந்து நின்றது.

பம்பில் நின்ற பெண் மூடியைத் திறந்து குழாயைச் சொருகினாள். "ஜீரோ பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. எவ்வளவுக்கு?"

"இரு..." என்றது அவருடைய வாய், பல வருஷப் பழக்கத்தில். அவர் அதைக் கையால் பொத்தினார். பிறகு கத்தினார். "ஃபுல்! ஃபுல்லாப் போடும்மா! நெப்பு!"

எண்கள் ஓடின. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த எண்கள் இருநூறைத் தாண்டி ஓடுவதை வெள்ளத்துரை பார்த்துக்கொண்டு நின்றார். இனி நிற்காது, இனி எங்கும் நிற்காது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னும் போடு, இன்னும் போடு என்று கையை ஆட்டினார். உள்ளே இருந்து வள்ளித்தாய் ஜன்னலில் தட்டினாள்.

"ஏங்க, இந்தா இருக்கு திருநெல்வேலி, இருநூறுக்கே போதும்! நிப்பாட்டச் சொல்லுங்க, நேரம் போவுது!"

"பொறுட்டி, நெறையட்டும், நெறையட்டும்."

"பாவி மனுசா!" என்று அவள் அலறிய அலறலில் பங்கே திரும்பிப் பார்த்தது. "பிள்ளைக்கு வலிப்பு இழுக்கு! பிள்ளைக்கு இழுக்கு!"

அவர் குனிந்து பார்த்தார். நிர்மலாவின் கண் மேலே செருகியிருந்தது. பல் கிட்டி, கை இரண்டும் விறைத்து, உடம்பு வில்லாக வளைந்து உதறியது. வள்ளித்தாய் அவளை ஒருக்களித்துச் சாய்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளத்துரை எப்படி சீட்டுக்கு வந்தார் என்பது அவருக்கே தெரியாது. அந்தப் பெண் குழாயை இழுத்து எடுத்தாள், தேவமணி கதவைத் திறந்து வெளியே குதித்தார். "நீங்க போங்க, நான் காசு குடுத்துட்டு வாரேன், போங்க!" என்று அவர் கத்தியது பின்னால் கேட்டது. டேங்க் மூடி திறந்தபடியே ஆடிக்கொண்டிருக்க, வண்டி பங்கை விட்டுப் பறந்தது.

மானூர், ராமையன்பட்டி எல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. ஹாரனில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள், டாக்டர் சொல்லி வைத்திருந்தது உதவியது. நிர்மலாவை உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. வெள்ளத்துரை கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் வந்து அவரை உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டார். உள்ளே போன மகள் திரும்பி வராவிட்டால், இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் தன்னை என்ன செய்துகொள்வது என்பதை மட்டும் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

நிர்மலா திரும்பி வந்தாள். மறுநாள் காலையில் கண் விழித்து, தண்ணீர் கேட்டு, அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். சென்னையிலிருந்து ஓடி வந்த லிங்கேஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளை பெண். இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார்கள். வள்ளித்தாய் ஒரு டம்ளர் காபியை மட்டும் கொண்டுவந்து வெள்ளத்துரை பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளத்துரை பெட்டி இருந்த அறையின் ஜன்னலை விட்டு நகரவில்லை. சட்டைப் பையில் போன் துடித்தது. வீட்டு மீட்டருக்குக் கணக்கெடுத்தாகிவிட்டது என்று செய்தி. நானூற்றுத் தொண்ணூற்றாறு யூனிட். ஐந்நூறைத் தாண்டவில்லை. அவர் ஜெயித்துவிட்டார். படித்துவிட்டுப் போனைப் பையில் போட்டவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, ஓடிப்போய் வாஷ்பேசினில் குடித்த காபியை வாந்தி எடுத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து ஜன்னலில் முகத்தை வைத்த நேரத்தில், விளக்குகள் அணைந்தன. பெட்டிக்கு மேலே எரிந்த விளக்கும் அணைந்தது. சுவரில் சொருகியிருந்த வயரும் அதன் சுவிட்சும் அவர் கண்ணுக்கு முன்னால் பெரிதாக நின்றன. அவர் கத்த வாயைத் திறப்பதற்குள் கட்டடத்தின் பின்பக்கம் எங்கோ ஒன்று உறுமிக் கிளம்பியது. விளக்குகள் எரிந்தன. பெட்டிக்குள் கையை மடக்கிக்கொண்டு கிடந்த பிள்ளைக்கு எதுவும் தெரியவில்லை.

அவர் வெளியே வந்த நர்ஸை மறித்துக்கொண்டார்.

"தாயி, இப்பம் கரண்ட் போச்சே?"

"ஜெனரேட்டர் இருக்குய்யா. உடனே வந்துரும், பயப்படாதீங்க."

"அது டீசல்லதானே ஓடுது?"

"ஆமா, டீசல்தான்."

"டீசல் எம்புட்டு இருக்கு? ஃபுல்லா இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள், சிரிப்பை விட்டுவிட்டாள். மேஜையில் இருந்த போனை எடுத்துக் கீழே யாரையோ கேட்டாள். கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "ஃபுல்லா இருக்காம்யா. நேத்துதான் நிரப்பினாங்களாம்."

வெள்ளத்துரை தலையை ஆட்டினார். ஆனாலும் அவர் வழியை விட்டு நகரவில்லை.

"கொஞ்சம் குறைஞ்சாலும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு தாயி" என்றார். "நான் இங்கனதான் நிப்பேன். கேன் எடுத்துட்டு ஓடிப்போயி வாங்கிட்டு வந்துருதேன்."

அவள் சரி என்றாள்.